காவிலிப்ப கிடைத்த கதையும் நம் பினாங்கு மலையும்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “கேரளாவில் ஒரு கோயில் காட்டில், அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்த மரம் 180 வருடத்துக்குப் பிறகு கிடைத்தது என்று படித்தேன். ஊசி தொலையும், சாவி தொலையும். இவ்வளவு பெரிய மரம் எப்படி சார் தொலையும்? அழிந்துவிட்டது என்று சொன்னவர்கள் சரியாகத் தேடவில்லையா? நம்ம பினாங்கு மலையிலும் இப்படி ஏதாவது ஒளிந்திருக்குமா?”

மூன்று கேள்வி. பல வருடம் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேரைக் காட்டு நடைக்கு அழைத்துப் போகிறவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மரம் எது என்று பார்ப்போம். தாவரவியலில் அதன் பெயர் மதுகா டிப்ளோஸ்டெமோன். மதுகா என்ற இனம் நமக்குப் புதிதில்லை. ‘ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்கிறோமே, அந்த இலுப்பை இதன் பங்காளி. மலையாளத்தில் இலிப்ப. கோயில் காவில் நிற்கும் இதை அங்கே காவிலிப்ப என்கிறார்கள். காவு என்றால் தெய்வத்துக்கென்று விட்டுவைத்த சிறு காடு. நம் ஊர்ப்பக்கம் ஐயனார் தோப்பு, சாமிக்காடு என்பார்களே, அதேதான்.

1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த ராபர்ட் வைட் என்ற மருத்துவர் இதன் கிளை ஒன்றை ஒடித்துக் காயவைத்து, தாளில் ஒட்டிவைத்தார். அவர் மருத்துவராக வந்தவர்தான், ஆனால் தென்னிந்தியச் செடிகொடிகளைப் பற்றிப் பேசுகிற யாரும் அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. அந்தக் கிளைக்குப் பிறகு இந்த மரத்தை யாரும் பார்த்ததாகப் பதிவில்லை. 2020-இல் செய்தி வந்தது. திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சியாளர்கள், கொல்லம் மாவட்டம் பரவூரில் ஆயிரவில்லி சிவன் கோயில் காவில் நிற்கும் ஒரு மரம் அதுதான் என்று உறுதிப்படுத்தினார்கள். ஒரே ஒரு வளர்ந்த மரம்.

இங்கே கொஞ்சம் நிற்போம். அந்த மரம் யாருக்குத் தொலைந்திருந்தது? கோயிலுக்கு வருகிற பாட்டிக்கு இல்லை. விளக்குப் போட வருகிறவருக்கு இல்லை. அவர்கள் தலைமுறை தலைமுறையாக அதன் நிழலில்தான் நடந்திருப்பார்கள். லண்டனில், கல்கத்தாவில் அலமாரிக்குள் இருந்த தாளில் ஒரு பெயர் இருந்தது. பரவூரில் மண்ணில் ஒரு மரம் இருந்தது. ‘அந்தப் பெயர் இந்த மரத்துக்குரியது’ என்று சொல்லத் தெரிந்த ஆள் இரண்டுக்கும் நடுவில் இல்லை. அதைத்தான் தொலைந்தது என்கிறோம். மரம் கிடைத்த கதைகளில் பெரும்பாலானவை இப்படித்தான். யாரோ இருட்டுக் குகைக்குள் புகுந்து எடுத்து வருவது போன்ற கதை மிகக் குறைவு.

ஆஸ்திரேலியாவின் வொலெமி பைன் அந்த வகை. 1994-இல் சிட்னிக்கு வடமேற்கே மலையிடுக்கு ஒன்றில் கயிறு கட்டி இறங்கிய டேவிட் நோபல் என்ற வனக்காவலர் கண்ணில் பட்டது. அதன் உறவுக்கார மரங்களை அதுவரை கல்லில் பதிந்த அச்சாகத்தான் தெரியும். சீனாவின் மெட்டாசெக்வோயாவும் அப்படியே. 1941-இல் ஜப்பானியர் ஒருவர் புதைபடிவத்தை வைத்துப் பெயர் சூட்டினார், சில வருடத்தில் ஹூபேயில் உயிரோடு நிற்பது தெரிந்துவிட்டது. இரண்டும் அருமையான கதைகள்தான், எல்லோரும் எழுதிவிட்டார்கள். உங்கள் கேள்வி வேறு. முன்பு பார்த்து, பெயர் வைத்து, பிறகு காணாமல் போன மரம் எப்படிக் கிடைக்கிறது என்பது.

ஒரு மரத்துக்கு அறிவியல் பெயர் வைத்தால், ‘இதுதான் அது’ என்பதற்கு ஆதாரமாக ஒரு காய்ந்த கிளையை ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரச் சேகரத்தில் வைப்பார்கள். மூல மாதிரி என்று பெயர். பின்னால் எவருக்குச் சந்தேகம் வந்தாலும் அதோடுதான் ஒப்பிட வேண்டும். நம் பினாங்கில் எடுத்த மாதிரிகள் ஏராளம். தண்ணீர்மலை அடிவாரத்துத் தாவரவியல் பூங்காவை 1884-இல் தொடங்கிய சார்லஸ் கர்ட்டிஸ் இந்த மலையைச் சல்லடை போட்டுச் சலித்தவர். மலைமுகட்டில் நிற்கிற செராயா மரத்துக்கு ஷோரியா கர்ட்டிசி என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். மரம் நம் மலையில் நிற்கிறது. அதன் பிறப்புச் சான்றிதழ் சிங்கப்பூரிலோ லண்டன் கியூ பூங்காவிலோ இருக்கிறது. இப்போது படம் பிடித்துக் கணினியில் ஏற்றுகிறார்கள், பரவாயில்லை. என் இளமைக்காலத்தில் ஒரு கிளையை ஒப்பிட வேண்டுமென்றால் கப்பல் ஏறினால்தான் ஆகும்.

சரி, ஒப்பிட எது வேண்டும்? பூ. இங்கேதான் மரம் நம்மை ஏமாற்றும். புல்லும் செடியும் குனிந்தால் தெரியும். நம் காட்டு மெரந்தி, கெருயிங் மரங்களுக்கு உச்சி நாற்பது ஐம்பது மீட்டர் மேலே. அவற்றில் பல வருடா வருடம் பூப்பதில்லை. இரண்டு வருடமோ பத்து வருடமோ சும்மா இருந்துவிட்டு, வறட்சி வந்து போன ஏதோ ஒரு வருடத்தில் காடு முழுக்க ஒன்றாகப் பூக்கும். சில வாரங்களில் எல்லாம் உதிர்ந்துவிடும். அந்தச் சில வாரத்தில், அந்த இடத்தில், அந்த மரக் குடும்பத்தை அறிந்த ஒருவர் நிற்க வேண்டும், மேலே ஏற ஆள் வேண்டும். இல்லாவிட்டால் இலை மட்டும்தான் கையில். மதுகா இனத்தில் இலையை மட்டும் வைத்து எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. டிப்ளோஸ்டெமோன் என்ற பெயருக்கே ‘இரட்டை மகரந்தத்தாள்’ என்றுதான் பொருள். பூவைப் பிரித்து எண்ணிப் பார்த்து வைத்த பெயர் அது.

இதில் எனக்கு ஒரு சொந்த வயிற்றெரிச்சல் உண்டு. நான் பிறந்தது கெடாவில் ஒரு ரப்பர் தோட்டம். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால், ஆற்றோரம், முனியாண்டி கோயில். கோயில் என்றால் ஒரு சூலம், மேலே நாலு தகரம், இவற்றுக்குக் குடை பிடித்த மாதிரி ஒரு மரம். இலையின் அடிப்பக்கம் செம்பு நிறத்தில் பளபளக்கும். கிள்ளினால் பால் வரும். ரப்பர் பால்மரம் சீவுகிற என் தாத்தாவே ‘இது நம்ம பால்மரம் இல்லடா, வேற’ என்பார். பெயர் யாருக்கும் தெரியாது, முனியாண்டி மரம், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் இலை சேகரிக்கச் சொன்னபோது ஒன்றைப் பறித்து நோட்டில் வைத்தேன். பிறகு தோட்டம் கைமாறி, வாங்கிய நிறுவனம் அதைத் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளாக ஆக்கியது. கோயிலுக்கு வேறு இடத்தில் துண்டு நிலம் கொடுத்தார்கள். மரத்துக்குக் கொடுக்கவில்லை. பல வருடம் கழித்து அந்த இலையை விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “நியாத்தோ குடும்பம். பூ இருக்கா?” என்றார். எங்கே போவேன் பூவுக்கு?

நியாத்தோ என்றால் நம் வீட்டு நாற்காலி, கட்டில் செய்கிற அதே பலகைதான். சிக்கு என்கிற சப்போட்டா பழமும் அந்தக் குடும்பம், இலுப்பையும் அந்தக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் நம் வட்டாரத்திலேயே ஒரு மரம் ‘அழிந்து’, பிறகு கிடைத்திருக்கிறது. தாபான் மரம் அது. அதன் காய்ந்த பாலுக்குப் பெயர் கட்டாபெர்ச்சா. வேர்ச் சிகிச்சைக்குப் பல் டாக்டரிடம் போனவர்கள் அறியாமலே இதைப் பல்லுக்குள் வைத்திருப்பார்கள், குழியை அடைப்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

1843-இல் வில்லியம் மான்ட்கோமரி என்ற மருத்துவர் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு மாதிரி அனுப்பினார். வெந்நீரில் போட்டால் களிமண் மாதிரி இளகும், ஆறினால் கெட்டிப்படும், உப்புத் தண்ணீரில் கெடாது, மின்சாரத்தையும் கடத்தாது. கடலுக்கடியில் தந்திக்கம்பி போட நினைத்தவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் போட்ட கம்பியிலிருந்து, 1870 வாக்கில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு இழுத்த கம்பிவரை எல்லாவற்றுக்கும் சட்டை இந்தப் பால்தான். நம் முன்னோர் கப்பலில் வந்த அதே கடலின் அடியில் தாபான் பாலும் கிடந்தது என்று எப்போதாவது நினைத்துக்கொள்வேன்.

சிக்கல் என்னவென்றால், பால்மரத்தைச் சீவினால் பால் ஒழுகிக் கோப்பையில் விழும், மறுநாளும் சீவலாம். தாபானில் பால் தனித்தனிப் பைகளில் கிடக்கும், ஒழுகாது. ஆகவே மரத்தையே சாய்த்து, அடிமரம் நெடுக வளையம் வளையமாகப் பட்டையை வெட்டி எடுத்தார்கள். ஒரு மரத்துக்குக் கிடைப்பதோ கொஞ்சம்தான். எத்தனை மரம் போயிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1857 வாக்கிலேயே சிங்கப்பூரில் அது ஒழிந்துவிட்டதென்று எழுதிவிட்டார்கள். ஆனால் 1887-இல் செருலாஸ் என்ற பிரெஞ்சுக்காரர் புக்கித் தீமா காட்டில் அதைக் கண்டுபிடித்தார். எனக்குப் புரிந்தவரை இதில் அதிசயமில்லை. வெட்டுகிறவன் பால் நிறைந்த பெரிய மரத்தைத்தான் தேடுவான். இடுப்பளவுக் கன்று அவனுக்குக் குப்பை. அந்தக் குப்பைதான் முப்பது வருடத்தில் மரமாகிறது. பிறகு ஜாவாவில் தோட்டமே போட்டு, மரத்தை விட்டுவிட்டு இலையிலிருந்து பாலை எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். இந்தப் புத்தி முதலிலேயே வந்திருக்கலாம்.

அடுத்து, அழிந்துவிட்டது என்று அறிவித்தவர்கள் சரியாகத் தேடவில்லையா? பழைய வழக்கம் சோம்பேறி வழக்கம்தான். ஐம்பது வருடம் எவரும் பார்க்கவில்லை என்றால் போய்ச் சேர்ந்தது என்று எழுதிவிடலாம். இப்போது ஐ.யு.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல் விதி கடுமையானது. கடைசி உயிரும் போய்விட்டது என்பதில் நியாயமான சந்தேகம் எதுவும் மிஞ்சக் கூடாது. அது வாழ்ந்த இடத்தில், வாழக்கூடிய இடத்தில், சரியான பருவத்தில் தேடியிருக்க வேண்டும். ஆனாலும் தவறும். 1998 பட்டியலில் அழிந்தவை என்று போட்டவற்றில் கெருயிங் இன மரம் ஒன்று, டிப்டெரோகார்பஸ் சினிரியஸ், சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் முர்சாலா என்ற சிறு தீவில் 2013-இல் கிடைத்தது. அதே பட்டியலில் இருந்த வென்ட்லாண்டியா அங்குஸ்டிஃபோலியா என்ற சிறுமரம் நம் திருநெல்வேலிப் பக்கம், களக்காடு முண்டந்துறைக் காட்டில் நிற்பது பின்னால் தெரிந்தது.

மொத்தக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 2019-இல் கியூ பூங்கா ஆய்வாளர்களும் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்களும் சேர்ந்து, தாவரங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸ் காலம் தொட்டு அழிந்ததாக எழுதப்பட்ட தாவரங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். 1,234 வந்தது, ஞாபகம் வைக்க நல்ல எண். அதில் பாதிக்கு மேல் அழியவில்லை. சில மறுபடி கிடைத்துவிட்டன. சில வேறொரு உயிருள்ள தாவரத்தின் இன்னொரு பெயர்தான் என்று தெரிந்தது. உண்மையிலேயே அழிந்தவை 571. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். மறுபடி கிடைத்தவற்றில் பத்தில் ஒன்பது வாக்கில் மீண்டும் அழியும் நிலையில்தான் இருக்கின்றன.

செய்திகள் இந்த இடத்தில்தான் நம்மைக் கெடுக்கின்றன என்பது என் அபிப்பிராயம். ‘கிடைத்துவிட்டது’ என்று தலைப்புப் போட்டால் கதை முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது. ஒற்றை மரம் என்பது வாரிசு இல்லாத வீட்டில் ஒற்றைக் கிழவர் மாதிரி. அவர் நன்றாகத்தான் இருக்கிறார், ஆனால் குடும்பம்?

மொரிசியஸுக்குச் சொந்தமான ரொட்ரிக்ஸ் தீவில் நடந்ததைக் கேளுங்கள். காஃபே மரோன் என்ற காட்டுக் காப்பிச் சிறுமரம் அழிந்ததாக நினைத்திருந்தார்கள். 1980 வாக்கில் ஒரு பள்ளி ஆசிரியர், பழைய படம் ஒன்றைக் காட்டி மாணவர்களைச் செடி தேடி அனுப்ப, ஒரு பையன் கிளையோடு வந்து நின்றான். (இதனால்தான் இலை சேகரிக்கச் சொல்லும் வாத்தியார்களைத் திட்டாதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்வேன்.) ஒரே செடி. சேதி பரவியதும் ஊர்க்காரர்கள் மருந்துக்கு ஆகும் என்று கிளை ஒடிக்க ஆரம்பித்தார்கள். வேலி போட்டார்கள், வேலியையும் தாண்டி ஒடித்தார்கள். 1986-இல் துண்டுகள் கியூவுக்குப் போய் வேர்விட்டன. பூத்தது, பூத்தது, பூத்துக்கொண்டே இருந்தது. காய் மட்டும் இல்லை. கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்டக்கலைஞர் விடாமல் முயன்று, பூவில் மகரந்தம் ஒட்டும் நுனியான சூலகமுடியை நறுக்கி அதில் மகரந்தத்தைத் தடவி, 2003-இல்தான் விதையுள்ள ஒரு காயைப் பார்த்தார். கண்டுபிடிக்க ஒரு பையனுக்கு ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது. விதை பார்க்க இருபது வருடத்துக்கு மேல்.

இன்னொரு ஆபத்து ரோடு. இலங்கையில் குருடியா சைலானிகா என்ற பயறுக் குடும்பத்து மரத்தை 1911-க்குப் பிறகு யாரும் காணவில்லை. 2012-இல் அழிந்ததாகப் பட்டியலிட்டார்கள். 2019-இல் கம்பஹாவில் ஒரு மரம் அடையாளம் தெரிந்தது. அது நின்ற இடமோ புது நெடுஞ்சாலை போகிற வழி! 2021-இல் அங்கே பெரிய கலாட்டாவே நடந்தது.

நம் நாட்டில் இதற்கு ஒரு நல்ல மறுமொழி உண்டு, சொல்லியே ஆக வேண்டும். கோலாலம்பூரில் இருப்பவர்கள் பத்துமலையைத் தாண்டி ரவாங் போகும்போது புறவழிச்சாலையின் உயரமான பாலத்தில் ஏறியிருப்பீர்கள். 2017-இல் திறந்தது. தூண்கள் 58 மீட்டர்வரை போகின்றன. எதற்கு அவ்வளவு உயரம் என்று யோசித்ததுண்டா? கீழே கஞ்சிங் காடு. கியாம் கஞ்சிங் என்ற மரம் உலகத்தில் இயற்கையாக அங்கே மட்டும்தான் வளர்கிறது. காட்டைச் சமப்படுத்திப் போடாமல் மேலே தூக்கிக் கட்டியதில் அந்த மரத்துக்கும் பங்குண்டு. அது தொலையவே இல்லை, ஏனென்றால் அதன் பெயரும் இடமும் தெரிந்த ஆட்கள் பக்கத்திலேயே கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார்கள். யாரும் பெயர் சொல்லாமல் விட்டிருந்தால் அதுவும் ஒரு முனியாண்டி மரம்தான்.

கடைசிக் கேள்வி, நம் மலை. பினாங்கு மலையை 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 2017-இலேயே உள்ளூர், வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் கூட்டமாகச் சேர்ந்து, உச்சி மரக்கிளைவரை கயிறு கட்டி ஏறிக் கணக்கெடுத்தார்கள். இருநூறு வருடமாக ஆள் நடமாடும் மலைதான். ஆனால் நடமாட்டம் எல்லாம் பாதையிலும் ரயில்தடத்திலும். சரிவில் இறங்கினால் பெயர் சொல்லத் தெரியாத மரம் இன்றும் எனக்கு ஏராளம். ‘அழிந்த’ மரம் இருக்குமா என்றால், இருக்காது என்று பந்தயம் கட்ட மாட்டேன். காட்டைவிடவும் கோயில் ஓரத்தை, பழைய கல்லறைத் தோட்டத்தை, தோட்டப்புற ஆற்றங்கரையை முதலில் பாருங்கள் என்பேன். பெரிய மரத்தை வெட்டப் பயப்படுகிற இடங்கள் அவைதான். பரவூரில் நடந்ததும் அதுதானே?

பார்க்கும்போது என்ன செய்யலாம்? இலையைத் தனியாகப் படம் பிடித்தால் போதாது. மேல்பக்கம், அடிப்பக்கம், கிளையில் இலை எப்படி அடுக்கியிருக்கிறது, பட்டை, வெட்டுக்காயத்தில் வடியும் பால் அல்லது பிசின், கீழே விழுந்த பூ, காய், விதை எல்லாம் வேண்டும். பக்கத்தில் ஒரு பத்து சென் காசை வைத்து எடுத்தால் அளவு தெரியும். தேதியையும் இடத்தையும் உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், ஃபேஸ்புக்கில் எழுதாதீர்கள். காஃபே மரோனுக்கு நடந்தது நினைவிருக்கட்டும், அபூர்வம் என்று தெரிந்தால் தோண்டிக்கொண்டு போக இன்று ஆளுக்குக் குறைவில்லை. வனக்காப்பகத்துக்குள் கிளை ஒடிக்க வனத்துறை அனுமதி வேண்டும், விழுந்ததைப் படம் எடுப்பதோடு நில்லுங்கள். பிறகு கெப்போங் நிலையத்துக்கோ, இங்கே மலேசிய அறிவியல் பல்கலைக்கழக உயிரியல் பிரிவுக்கோ அனுப்பினால் பார்ப்பார்கள். பதில் வர நாளாகும். பத்தில் ஒன்பது தடவை ‘இது சாதாரண மரம்தான்’ என்று வரும். அதற்காக விட்டுவிடாதீர்கள், மரத்தின் பெயராவது தெரிந்ததே.

அப்புறம் தம்பி, தண்ணீர்மலைப் பக்கம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வருவதென்றால் பூங்கா வாசலில் நிற்கிறேன். கையில் பிளாஸ்டிக் பையும் ரொட்டியும் மட்டும் வேண்டாம். அங்கே இருக்கிற குரங்குகளுக்கு எல்லாம் தெரியும்.